ஆயரம்மாவுக்கு அங்கி தைத்த கடை

நான் தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர், அதாவது சபையை நடத்தும் குரு. பெண் குருமார்களுக்கு அங்கி தைக்க மதுரையில் எந்தக் கடைக்குப் போவது என்று இந்த ஒன்றரை வருடத்தில் பத்துப் பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். இறையியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் தங்கைகள், குருவாகும் முன் வரும் முதல் படியான டீக்கன் அபிஷேகத்துக்குத் தேதி குறித்துவிட்ட தோழிகள், ஒருமுறை மகளுக்காகக் கேட்ட ஓர் அப்பா. போனில் பாதி சொல்கிறேன், மீதியை மறந்துவிடுகிறேன். அதனால் முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கடை குன்னத்தூர் சத்திரத்துக்குள் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர்களை மதுரைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். மண்டபத்தைக் காலி செய்தபோது அந்தக் கடைகள் சத்திரத்துக்கு வந்தன. இவரும் அப்படி வந்தவர்தான். பலகை ஒன்றும் கிடையாது. சுவாமிக்குச் சாத்தும் வஸ்திரம், தோரணம், தொம்பை, சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு வேண்டிக்கொண்டு வேடம் கட்டுகிறவர்களின் உடை, இவைதான் தொழில். தைப்பவர் அறுபது தாண்டிய முஸ்லிம் பெரியவர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். அவருடைய அப்பாவும் அதே மண்டபத்தில் தைத்தவராம்.

அங்கே போவதற்கு முன் நடந்ததைச் சொன்னால்தான் இந்தக் கடையை ஏன் இவ்வளவு புகழ்கிறேன் என்பது புரியும். டீக்கன் அபிஷேகத்துக்கு முதல் அங்கியை வேறொரு கடையில் தைத்தேன். ஊரும் பேரும் வேண்டாம். குருமார்களுக்கு நெடுங்காலமாகத் தைக்கிற இடம். உள்ளே போனதும் "ஐயா வரலையாம்மா?" என்றார்கள். எனக்குத்தான் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டேப்பை எடுக்கவே இல்லை. "உங்க வீட்டு ஐயாவோட சட்டை ஒண்ணு அளவுக்குக் குடுத்திருங்க" என்றார்கள். அபிஷேகத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கொடுத்தேன். வந்த அங்கியில் தோள் இரண்டு அங்குலம் கீழே இறங்கியிருந்தது. மார்பில் இழுத்துப் பிடித்தது, இடுப்புக்குக் கீழே பட்டன் விரிந்துகொண்டு நின்றது. வெள்ளைத் துணி மெல்லியது என்பதால் உள்ளே ரவிக்கையின் நிறம் அப்படியே தெரிந்தது. பேராயர் என் தலைமேல் கை வைத்து ஜெபித்த அந்த நேரத்தில், என் வாழ்க்கையில் நான் அதிகமாகக் காத்திருந்த அந்த நேரத்தில், மூன்றாவது பட்டன் தெறித்துவிடக்கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டு முழங்காலில் இருந்தேன். அது இன்றுவரை எனக்கு வருத்தம்தான்.

அதே அங்கியை ஐந்து வருடம் போட்டேன். என் மகன் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது கீழே நான்கு பட்டன் போட முடியவில்லை. பின் குத்தி, தோளில் போடும் நீளத் துணிப்பட்டையான ஸ்டோலை இழுத்து மறைத்து ஆராதனை நடத்தினேன். ஆராதனை முடிந்ததும் கமிட்டியில் ஒரு பெரியவர், நல்ல மனிதர்தான், "பிள்ளை பிறக்கிற வரைக்கும் பீடத்துக்கு வேற ஆயரை வரச் சொல்லலாமே, பார்க்க ஒரு மாதிரி இருக்கு" என்றார். நான் பதில் சொல்லும் முன் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "மரியாளும் எலிசபெத்தும் எந்த நிலைமையில நின்னு பேசிக்கிட்டாங்க? ஆறு மாச வயிறோட ஒருத்தி, இப்பத்தான் உண்டான இன்னொருத்தி. அந்தப் பாட்டைத்தானே நாம வருசம் தவறாம பாடுறோம்" என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டுப் போனார். லூக்கா முதல் அதிகாரத்தை எத்தனையோ பிரசங்கத்தில் எடுத்திருக்கிறேன். அந்தப் பாட்டி சொன்னது எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது, அந்தப் பெரியவர் கண்ணை உறுத்தியது என் வயிறு மட்டும் இல்லை, அந்தப் பொருந்தாத துணியும்தான் என்று பட்டது.

சரி, கடைக்கு வருகிறேன். துணியை நாமே வாங்கிக்கொண்டு போக வேண்டும். விளக்குத்தூண் பக்கம் மீட்டர் 210 ரூபாய்க்குக் கெட்டியான டெரிகாட்டன் வாங்கினேன். சுத்தப் பருத்தி போடத்தான் ஆசை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று சபைக்கு ஸ்கூட்டியில் போகிறவளுக்கு அது ஒத்துவராது. பையில் மடித்து எடுத்துப் போய் இரண்டாவது ஊரில் எடுத்தால் கசங்கிக் கிடக்கும். பாய் துணியை விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். யாருக்கு என்றார். எனக்கு என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் அடுத்த கேள்வி கேட்டார்: "இதைப் போட்டுக்கிட்டு என்னென்ன வேலை செய்வீங்கம்மா?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. குருத்துவத்துக்குத் தெரிந்தெடுக்கும் நேர்முகத்தில் என் கணவர் ஒத்துக்கொள்வாரா, இடமாற்றம் வந்தால் என்ன செய்வேன், இரவில் சாவு வீட்டுக்குத் தனியாகப் போவேனா என்றெல்லாம் கேட்டார்கள். நான் என்ன வேலை செய்யப்போகிறேன் என்று கேட்கவில்லை. பாயிடம் சொல்ல ஆரம்பித்தேன். திருவிருந்து மேசைக்குப் பின்னால், சபையைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்குவேன். அப்பத்தைப் பிட்பேன். பாத்திரத்தை எடுத்து வரிசையாக முழங்காலில் இருக்கிறவர்களுக்குக் குனிந்து குனிந்து கொடுப்பேன். குழந்தையை இடது கையில் ஏந்தி வலது கையால் தண்ணீர் ஊற்றுவேன். கல்லறைத் தோட்டத்தில் குழி ஓரம் நின்று மண் அள்ளிப் போடுவேன்.

"செஞ்சு காட்டுங்க" என்றார்.

செய்து காட்டினேன். சுருட்டிய துணிக்கட்டு ஒன்றைக் குழந்தை மாதிரி என் கையில் கொடுத்தார். எங்கே மடங்குகிறது, எங்கே இழுக்கிறது என்று சுற்றி வந்து பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர்களும் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இல்லை. அளவைப் பாயின் மருமகள்தான் எடுத்தார். சேலைமேல் ஒரு முறை, முந்தானையைத் தளர்த்திக்கொண்டு ஒரு முறை. சேலைக் கொசுவம் முன்னால் எவ்வளவு தள்ளும் என்பதைத் தனியாக எழுதிக்கொண்டார். முதல் கடையில் இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சேலைமேல் அங்கி போடுகிறவளுக்கு இடுப்புக்குக் கீழே முன்பக்கம் மூன்று அங்குலமாவது கூடுதல் வேண்டும். சுடிதார்மேல் போடுவதென்றால் வேண்டாம். அளவுக்குப் போகும்போது எதன்மேல் போடப்போகிறீர்களோ அதை உடுத்திக்கொண்டு போங்கள்.

இனி அங்கியைப் பற்றி. கைதான் முதல் மாற்றம். பழைய அங்கியில் கை அகலமாகத் தொங்கும், பாத்திரத்தைத் தூக்கும்போது திராட்சரசத்தில் தோயும். குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றினால் முழங்கை வரை நனையும். பாய் மணிக்கட்டில் குறுக்கி, உள்ளே ஒரு பட்டன் வைத்தார். வேண்டுமானால் இறுக்கலாம், வேண்டாவிட்டால் விடலாம். அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துண்டு சேர்த்திருக்கிறார். அதனால் கையை முழுக்கத் தூக்கினாலும் அங்கி முழுவதும் கூடவே மேலே ஏறுவதில்லை. சாமி வேடம் கட்டி ஆடுகிறவர்களின் சட்டைக்கு இப்படித்தான் வைப்பாராம். ஆடும்போது கிழியாது. முன்பக்கப் பட்டன்களைப் பட்டிக்குள் மறைத்துவிட்டார். ஞானஸ்நானத்துக்கு வரும் பிள்ளைகளின் கன்னத்தில் இனிப் பட்டன் கீறாது.

பட்டன் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஆண்கள் சட்டைக்கு ஒரு பக்கம், பெண்கள் உடைக்கு மறுபக்கம் அல்லவா? நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். குருமார் அங்கி எல்லாமே ஆண்கள் பக்கம்தான். பெண்கள் பக்கமே வையுங்கள் என்றேன். கிராமத்து ஆலயத்தில் அங்கி மாட்டும் அறையான வெஸ்ட்ரியில் கரண்ட் போனாலும் என் விரலுக்குத் தெரிந்த பக்கம் அதுதான்.

மைக் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலர் மைக்கின் பேட்டரிப் பெட்டியை ஐயாமார் பேன்ட் பெல்ட்டில் மாட்டிக்கொள்வார்கள், அங்கியின் பக்கவாட்டுத் திறப்பு வழியாகக் கை போகும். சேலை கட்டுகிறவள் அதை எங்கே மாட்டுவாள்? ஐந்து வருடம் பாவாடை நாடாவில் செருகினேன். ஒரு கிறிஸ்மஸ் ஆராதனையில் அது நழுவி விழுந்து, ஸ்பீக்கர் முழுக்கச் சத்தம். புது அங்கியில் வலப்பக்கம் உள்ளே ஒரு பை, வயர் மேலே ஏற ஒரு சின்னக் காஜா. மைக்கை நான் கொண்டுபோகவில்லை. அளவு சொன்னேன், பாய் ஒரு தீப்பெட்டிக் கட்டை வைத்து அளந்துகொண்டார். சரியாகவே வந்தது. இருந்தாலும் நீங்கள் மைக்கைக் கையோடு எடுத்துப் போவது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது வெளியே தெரியாத ஒன்று. இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே பக்கத்துக்கு இரண்டு அங்குலம் துணி விட்டு, பெரிய தையலாகப் போட்டிருக்கிறார். "பிரிச்சா விரியும், பிடிச்சா குறுகும். பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வேணும்" என்றார். நான் கேட்கவே இல்லை. எனக்கு இனி வேண்டியிருக்காது. ஆனால் டீக்கன் ஆகப்போகும் தங்கைகளுக்குச் சொல்கிறேன், இதைக் கேட்டு வாங்குங்கள். அங்கி பல வருடம் இருக்கப்போகிறது. நம் உடம்பு அதே மாதிரி இருக்காது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்டோலுக்கும் ஒரு வழி செய்தார். டீக்கனாக இருக்கும்போது அது இடது தோளிலிருந்து குறுக்கே போகும், குருவானபின் இரண்டு தோளிலும் நேராகத் தொங்கும். எனக்குத் தோள் சரிவு என்பதால் குனியும் போதெல்லாம் ஒரு பக்கம் நழுவும். பின்கழுத்தில் காலருக்கு அடியில் நூலால் ஒரு வளையம் போட்டு, ஸ்டோலின் உள்பக்கம் ஒரு கொக்கி வைத்துவிட்டார். கீழ் ஓரத்தைத் தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்தியிருக்கிறார். எங்கள் பக்கம் கல்லறைத் தோட்டம் என்றால் பாதி கருவேலங்காடு, முள்ளில் மாட்டாமல் நடக்க முடிகிறது.

டிரையலுக்குப் போன அன்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அப்போது பாயிடம் தொற்காளின் கதையைச் சொன்னேன். யோப்பா பட்டணத்தில் இருந்தவள், தபீத்தாள் என்றும் பெயர். அவள் இறந்தபோது விதவைகள் எல்லோரும் அழுதுகொண்டு, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவிடம் எடுத்துக் காட்டினார்கள். அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவளை அங்கே 'சீஷி', அதாவது பெண் சீடர், என்று எழுதியிருக்கிறது. ஒரு பெண்ணுக்கு அந்தச் சொல் வருவது புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஓர் இடத்தில்தான். பிரிஸ்கில்லாளும் கூடாரம் தைக்கிற தொழில்காரி, பவுலோடு சேர்ந்து அதே தொழில் செய்தவள், அப்பொல்லோ என்ற பெரிய பிரசங்கிக்கே வேதத்தை விளக்கிச் சொன்னவள். பாய் மெஷினை நிறுத்திக் கேட்டார். "அவங்க தச்சதை எடுத்துக் காட்டுனாங்கன்னா, நல்லாத் தச்சிருக்கணும்" என்றார். பெண்கள் சபையில் பேசாமலிருக்கக் கடவர்கள் என்ற கொரிந்தியர் வசனத்தை என்னிடம் காட்டியவர்கள் பலர். ரோமர் 16-ஐத் திறந்து, கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளையும், அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்ற யூனியாவையும் காட்டியவர்கள் மிகக் குறைவு. இரண்டையும் எழுதியது ஒரே பவுல்தான்.

என் அப்பாவின் அம்மா பைபிள் உமனாக இருந்தவர். ரட்சண்யபுரத்தில், 1892-ல் ஈவா ஸ்விஃப்ட் அம்மையார் தொடங்கிய பெண்கள் வேதாகமப் பள்ளியில் படித்தவர். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷனில் குருமார் எல்லோரும் ஆண்கள். ஆனால் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் போகக்கூடியவர்கள் இந்தப் பெண்கள்தான். வெள்ளைச் சேலை, தோளில் துணிப்பை, கையில் கீர்த்தனைப் புத்தகம். ஊர் ஊராக நடந்து போய், வெளியே வராத பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, வேதம் வாசிக்க வைத்து, பிள்ளைப்பேற்றுக்கும் கூட நின்று, அவர்களை ஆலயத்து வாசல்வரை கூட்டிவருவார். வாசலில் அவர் வேலை முடிந்தது. ஞானஸ்நானம் குருவானவர் கொடுப்பார். அப்படி வந்த பெண்களைப் பெயர் சொல்லி அறிந்தவள் பாட்டி ஒருத்திதான். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் உருவானது. அதில் முதல் பெண் குருவாக எலிசபெத் பால் அம்மையார் அபிஷேகம் பெற்றது 1976-ல். அப்போது பாட்டிக்கு அறுபது நெருங்கியிருக்கும். 2013 செப்டம்பர் 30-ல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயராக அபிஷேகம் பெற்ற செய்தியை நான் கல்லூரி விடுதியில் படித்தேன். பாட்டி அப்போது இல்லை. அவருடைய வெள்ளைச் சேலையும் ஊழியத்துக்குரிய உடைதான் என்று நான் நம்புகிறேன். அதற்கு யாரும் கை வைத்து ஜெபிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, பெயர். பாய் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். எனக்கே அது குழப்பம்தான். எங்கள் சபைகளில் ஆயருடைய மனைவியைத்தான் ஆயரம்மா என்பார்கள். நான் வந்தபின் எனக்கும் அதே பெயர். புது ஊருக்குப் போனால் என் கணவரைப் பார்த்து "ஐயா, ஜெபத்தை ஆரம்பிங்க" என்கிறார்கள். அவர் பள்ளிக்கூட வாத்தியார், மெதுவாக ஒதுங்கி என்னைக் காட்டுவார். எங்கள் சேகரத்து, அதாவது என் பொறுப்பிலுள்ள சபைகளின், சிறுவர்கள் இப்போது தாங்களாகவே என்னை "ஆயர்" என்று மட்டும் சொல்லப் பழகிவிட்டார்கள். ஐயாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. பாய் தன் அளவு நோட்டில் "சர்ச் அம்மா" என்று எழுதிக்கொண்டார். நான் மாற்றச் சொல்லவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் கிடைத்தது. போன் எடுக்கமாட்டார், நேரில்தான் போக வேண்டும். மதுரைக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய சிரமம். காலர் முதலில் இறுக்கமாக வந்தது. பாட்டுப் பாடினால் தொண்டையைப் பிடித்தது. திரும்பக் கொண்டுபோனேன், காசு வாங்காமல் அரை அங்குலம் தளர்த்திக் கொடுத்தார். பில் தரமாட்டார். சேகரக் கணக்கில் காட்டித் தொகை வாங்க வேண்டியவர்கள் முன்பே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டோலில் சிலுவை, திராட்சைக்குலை எம்ப்ராய்டரி எல்லாம் அவரிடம் வேண்டாம். கொடுத்துப் பார்த்தேன், ஜரிகை வேலை அழகாகத்தான் இருந்தது, ஆனால் கனம் கூடி ஸ்டோல் கழுத்தை இழுக்கிறது. மார்புக்கு லைனிங் வைப்பார், முதுகுக்கு வைக்கவில்லை. நீங்கள் கேட்டு வையுங்கள். வெயில் காலத்தில் வியர்த்தால் தெரிகிறது.

செலவு: துணி ஐந்து மீட்டர் 1,050 ரூபாய். லைனிங், பட்டன் எல்லாம் சேர்த்து 240. தையல் கூலி 1,500. முதல் கடையில் இதைவிட 600 ரூபாய் அதிகமாகக் கொடுத்திருந்தேன்.

எப்போது போவது என்பது முக்கியம். பங்குனி பிறந்துவிட்டால் சித்திரைத் திருவிழா வேலை குவிந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்கி முடிகிற வரைக்கும் பாய்க்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஈஸ்டரும் அதே சமயத்தில்தான் வரும். ஈஸ்டருக்குப் புது அங்கி வேண்டுமென்றால் சாம்பல் புதனுக்கு முன்பே துணியைக் கொடுத்துவிடுங்கள். அன்று லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம், தொடங்கியபின் போனால் கிடைக்காது. வண்டியைச் சித்திரை வீதிப் பக்கம் கொண்டுபோக முடியாது. ஸ்டாண்டில் விட்டுவிட்டு நடங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல் போனால் இருப்பார். மருமகள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு அளவு கொடுங்கள்.

போன மாதம் காலர் பட்டனை மாற்றப் போனேன். நோட்டைப் புரட்டி என் அளவைத் தேடினார். "சர்ச் அம்மா" என்று நான்கு பக்கம் இருந்தது, எது நான் என்று அவருக்கே தெரியவில்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஊர் பெயரை எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் போனால் உங்கள் ஊரை முதலில் சொல்லிவிடுங்கள்.